கேசட்டுக்கு நல்லா ஆடும்

கம்ப்யூட்டருக்குக் காது வைக்கிறேன்னு நான் கிளம்பினதே என் புருசனோட பாட்டுக் குழுவைக் காப்பாத்தத்தான். இதை முதல்லயே சொல்லிடறேன். நடந்ததை எல்லாம் கேட்டுட்டு, "இவ வேணும்னே செஞ்சிருப்பா"ன்னு யாராவது சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். சொந்தக்காரங்க வாயில அந்தப் பேச்சை ஏற்கெனவே போதும் போதும்ங்கிற அளவுக்குக் கேட்டாச்சு.

தொண்ணூறுகள்ல பாதி தாண்டின சமயம். திருமுல்லைவாயில்ல ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல வாடகை வீட்டுல இருந்தோம். அவர் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பட்டறையில லேத் ஓட்டுறவர். வேலை முடிஞ்சு வந்து குளிச்சாருன்னா அப்புறம் ட்ரம்ஸ்தான். கூட்டாளிங்களோட சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு வச்சிருந்தாரு. கீபோர்டுக்கு ஒருத்தர், கிடாருக்கு ஒருத்தர், பாடறதுக்கு ரெண்டு பேரு, தாளத்துக்கு இவர். ஆரம்பிச்சவர் இவருங்கிறதால குழுவுக்கு ஒண்ணுன்னா இவருக்குச் சோறு இறங்காது.

நான் பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு, அம்பத்தூர்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல ப்ரோக்ராம் எழுதச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தேன். வீட்டுல ட்ரம்ஸ் சத்தம், சென்டர்ல கீபோர்டு சத்தம். மைக்ரேன் வராததே பெரிய விஷயம்.

முன்னெல்லாம் ஆவடியில இருந்து திருநின்றவூர் வரைக்கும் எங்க கல்யாணம்னாலும் ரிசப்ஷனுக்கு ஒரு கச்சேரி இருக்கும். அப்புறம் என்ன ஆச்சுன்னா, மைக் செட்காரங்களே கேசட் போட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு ஆளு, ஒரு டேப் ரெக்கார்டர், வேலை முடிஞ்சது. இவங்களைக் கூப்பிடறது கொஞ்சம் கொஞ்சமா நின்னு, கடைசியில ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்துச்சு. எங்க ஏரியா அம்மன் கோயில் ஆடித் திருவிழா. வருசா வருசம் கூழ் ஊத்தற அன்னிக்கு சாயந்தரம் இவங்க கச்சேரி. அந்த ஒரு நாளுக்காகத்தான் வருசம் பூரா ரிகர்சல் பண்ணுவாங்க.

அந்த வருசம் ஆடி பொறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி விழாக்கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தாரு. பழைய விவசாயக் குடும்பம். நிலத்தை எல்லாம் மனை போட்டு வித்துட்டு, ரோட்டு மேல சிமெண்ட் கடை வச்சிருந்தவரு. நல்ல மனுசன்தான், அதுல குறை சொல்ல மாட்டேன். மோர் கொடுத்தேன், குடிச்சாரு, வாயைத் துடைச்சுக்கிட்டு விஷயத்துக்கு வந்தாரு.

"நைனா, பாட்டு சோக்காத்தான் கீது. ஆனா நாலு பாட்டு தாண்டல, ஜனம் எய்ந்து பூடுது. எல்லாம் டீவில பாத்துகினு கீறானுங்க. புச்சா எதுனா காட்டு. இல்லாங்காட்டி அடுத்த வருசம் நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கறோம். மன்சுல ஒண்ணும் வச்சுக்காத."

வேற ஏற்பாடுன்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கேசட்தான்.

அவர் போனப்புறம் என் வீட்டுக்காரர் ட்ரம் மேலயே கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அடிக்கவும் இல்ல, எழுந்திருக்கவும் இல்ல. எனக்கு மனசு கேக்கல. "நான் லைட்டைப் பாட்டுக்கு ஆட வைக்கிறேன்"னு சொன்னேன். சும்மா ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு இல்ல. சென்டர்ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு மூலையில தூசி அடைஞ்சு கிடந்துச்சு. முதலாளியக் கேட்டா கொடுப்பாரு. பிரிண்டருக்குப் போற ஒயர் இருக்கு பாருங்க, அது வழியா வெளியில இருக்கிற பல்பைப் போடலாம், அணைக்கலாம். ப்ரோக்ராம் எழுதினா போதும்.

"பல்ப எரிய வுட கம்ப்யூட்டர் எதுக்குடி? சுட்ச்சு கீதே"ன்னாரு.

பாருங்க, இதான் ஆரம்பமே.

முதல்ல நான் எழுதின ப்ரோக்ராம் நேரத்துக்கு ஓடற மாதிரி. பாட்டு ஆரம்பிச்சதும் ஒரு பட்டனை அமுக்கணும். இந்த நேரத்துல சிவப்பு, இந்த நேரத்துல பச்சை, பல்லவி திரும்பி வரப்ப எல்லாம் சேர்ந்துன்னு ஒவ்வொரு பாட்டுக்கும் உக்காந்து எழுதினேன். ஒரிஜினல் கேசட்டைப் போட்டுப் பார்த்தா கச்சிதமா இருந்துச்சு. ரிகர்சலுக்குக் கொண்டு போனேன். நாசம். இவங்க ஒரு பாட்டை ஒரு நாள் வாசிக்கிற வேகத்துல இன்னொரு நாள் வாசிக்க மாட்டாங்க. பாடறவருக்கு மூடு வந்துட்டா சரணத்தை இன்னொரு தடவை பாடுவாரு. நடுவுல இவரு "இரு இரு"ன்னு ட்ரம்ஸ்ல ஒரு நீளமான உருட்டு உருட்டுவாரு. லைட்டு அது பாட்டுக்கு எரிஞ்சு முடிச்சு இருட்டாயிடும், பாட்டு இன்னும் பாதியில நிக்கும்.

"கொஞ்சம் ஒரே வேகமா வாசிச்சாத்தான் என்ன?"ன்னு கேட்டுட்டேன்.

அவ்வளவுதான். குச்சியைக் கீழே வச்சாரு. "இன்னா பேசற நீ? உன் பொட்டி என்னப் பாத்து ஆடணும். நான் உன் பொட்டியப் பாத்து வாசிக்க முடியாது. நான் இன்னா மிசினா?"

கோபம் வந்தாலும் அவர் சொல்றதுல நியாயம் இருந்துச்சு. கச்சேரின்னா ஒன்ஸ்மோர் கேப்பாங்க, நடுவுல யாருக்காவது பொன்னாடை போர்த்துவாங்க. நேரக் கணக்கு வேலைக்கு ஆகாது. சத்தத்தைக் கேட்டு அதுவா ஆடணும். அப்படித்தான் பொட்டிக்குக் காது வைக்கிற வேலையில இறங்கினேன்.

ஒரு மைக். அதுல வர்ற சத்தத்தை மூணாப் பிரிக்கிற சின்ன சர்க்யூட் போர்டு. கீழ் சத்தம், ட்ரம் மாதிரி வந்தா ஒரு கம்பியில தகவல். பாட்டுக் குரல் மாதிரி நடுச் சத்தம் வந்தா இன்னொரு கம்பியில. கீச்சுன்னு மெல்லிசா வந்தா மூணாவது கம்பியில. ப்ரோக்ராம் அந்த மூணு கம்பியையும் பார்த்துக்கிட்டே இருக்கும். ட்ரம்முக்குச் சிவப்பு, குரலுக்குப் பச்சை, மெல்லிசுக்கு மஞ்சள். அப்புறம் எனக்குப் பிடிச்ச ஒரு வித்தை வச்சேன். மெல்லிசுச் சத்தம் விடாம இழுத்தா, எல்லா லைட்டும் மேடையோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குச் சரசரன்னு ஓடணும். கடைசிப் பாட்டுல கீபோர்டுக்காரர் வயலின் மாதிரி ஒரு இழுப்பு இழுப்பாரு, அதுக்காகவே எழுதினது. அதை எழுதி முடிச்ச அன்னிக்கு எனக்கே என்னைப் பிடிச்சுப் போச்சு.

வீட்டுல டேப் ரெக்கார்டர் முன்னாடி மைக்கை வச்சு ஓட்டிப் பார்த்தேன். ஐயோ, அந்த அழகை என்ன சொல்ல! ஜெலட்டின் பேப்பர் ஒட்டின பல்பு எல்லாம் சுவத்து மேல குதியா குதிக்குது. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வாசல்ல நின்னு பார்த்தாங்க. "இப்ப நீங்க வாசிங்க"ன்னேன் இவர்கிட்ட. வாசிச்சாரு. ஒண்ணு எல்லா லைட்டும் எரிஞ்சுக்கிட்டே நின்னுச்சு, இல்லன்னா மொத்தமா அணைஞ்சு போச்சு.

ஏன்னு எனக்குப் புரிஞ்சுது. கேசட்ல சத்தம் எல்லாம் ஒரே மட்டத்துல வரும், ஸ்டுடியோவுல அப்படித்தான் பதிவு பண்ணுவாங்க. இவர் அப்படியா? தடவுற மாதிரி ஆரம்பிச்சு, இடி மாதிரி முடிப்பாரு. இடிக்கு ஏத்த மாதிரி போர்டுல காதைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவைத் திருகினா, தடவறது பொட்டி காதுல விழாது. தடவறதுக்கு ஏத்த மாதிரி திருகினா, அடுத்த இடியில எல்லாம் பத்திக்கிட்டு நிக்கும். நான் திருக, அவர் வாசிக்க, நான் திரும்பத் திருக, அவர் குச்சியைத் தூக்கிப் போட. வீடு வீடாவா இருந்துச்சு? நடுக்கூடத்துல ட்ரம், சமையல்கட்டு வாசப்படி வரைக்கும் ஒயரு. மாமியார் ஊர்ல இருந்து வந்தவங்க ரெண்டாம் நாளே பஸ் ஏறிட்டாங்க.

அப்பத்தான் அவருக்கு அந்த வார்த்தை கிடைச்சுது. "கேசட்டுக்கு நல்லா ஆடும்."

கூட்டாளிங்க "இன்னா மாமே, அண்ணியோட லைட்டு எப்டி கீது?"ன்னு கேட்டா, "கேசட்டுக்கு நல்லா ஆடும்." குழம்பு ஊத்தறப்ப நான் சும்மா "லைட் பரவாயில்லையா?"ன்னு கேட்டா, "கேசட்டுக்கு நல்லா ஆடும். நாம மன்சங்கதானே, நமக்கு ஆடாது." ஒரு நாள் கரண்டியை டங்குன்னு வச்சுட்டு எழுந்து போயிட்டேன். சென்டர்ல வகுப்பு முடிச்சு, கூட்டத்துல இடிபட்டு ரயில் ஏறி வந்து, சமைச்சு வச்சுட்டு, யாருக்காக நான் இதுல உயிரை விடறேன்? அந்த மனுசன் குழுவுக்காக. வாய் நிறைய ஒரு நல்ல வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?

விடல நான். ப்ரோக்ராமை மாத்தினேன். சத்தம் இறங்கினாலும் கடைசியா எரிஞ்ச லைட் அணையாம காத்திருக்கணும்னு எழுதினேன். இடி விழுந்தா எல்லாமே எரியாம, முறை வச்சு மாறணும்னு எழுதினேன். காதை நல்லாவே கூர்மையாக்கினேன். ஊசி விழுந்தாக் கேக்கணும், அந்த அளவுக்கு. ஆடி பொறக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை இவர் உருட்டின உருட்டுக்கு சிவப்பு லைட் ஒவ்வொண்ணா உருண்டு போச்சு. நான் அவர் மூஞ்சியைப் பார்த்தேன்.

"ம்"னாரு. "துண்டு எங்க?"ன்னாரு.

திருவிழா அன்னிக்கு மூணு சக்கர மீன்பாடி வண்டியில கம்ப்யூட்டரை மெத்தை போட்டு ஏத்தி, மானிட்டரை நான் மடியில வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போனேன். மேடைக்குப் பக்கவாட்டுல ஓலைத் தட்டி மறைப்புல எனக்கு ஒரு மேசை. என் கணக்குப்படி, மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயர்ல இருந்து எனக்கு ஒரு ஒயர் கொடுத்துட்டா பாட்டு மட்டும் சுத்தமா வந்துடும், எனக்குத் தனியா மைக்கே வேண்டாம். போய்க் கேட்டேன்.

"அண்ணி, வேற எது வோணா கேளு. செட்டு மேல மட்டும் கைய வச்சுறாத. ஏடாகூடமா எதுனா ஆச்சுன்னா முய்சா பூடும். அப்பால நாங்க எங்க போறது?"

கெஞ்சினேன், படம் போட்டுக் காமிச்சேன். ஊஹூம். சரி சனியன்னு, என் மைக்கையே மேடைக்கு முன்னாடி, ஸ்பீக்கருக்கு எதிர்ல இருந்த மூங்கில் கம்பத்துல கட்டினேன். அந்தக் கம்பத்தைச் சுத்திதான் ஏரியா பசங்க எல்லாரும் நிப்பாங்கன்னு என் புத்திக்கு அப்ப உறைக்கல. பாலிடெக்னிக் படிப்பு!

இருட்டுக் கட்டினதும் முதல் பாட்டு. சாமி பாட்டுத்தான். லைட்டு ஆடிச்சு பாருங்க, கூழ் குடிச்சுட்டு வீட்டுக்குக் கிளம்பின பொம்பளைங்க எல்லாம் திரும்பி வந்து உக்காந்தாங்க. ட்ரம் அடிக்க அடிக்க மேடை செக்கச் செவேல்னு துடிக்குது. தலைவர் முன் வரிசையில தொடையில தாளம் போடறாரு. தட்டி ஓட்டை வழியா என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் லைட்டைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாரு. பிழைச்சோம்னு நினைச்சேன். அந்த நினைப்பு ரெண்டாவது பாட்டு பாதி வரைக்கும் இருந்துச்சு.

கம்பத்துல சாஞ்சுக்கிட்டு நின்ன ஒருத்தன், பாட்டு பிடிச்சுப் போய், ரெண்டு விரலை வாயில வச்சு நீளமா ஒரு விசில் அடிச்சான்.

விசில்னா என்ன? விடாம இழுக்கிற மெல்லிசுச் சத்தம். எல்லா லைட்டும் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்குச் சரசரன்னு ஓடிச்சு.

அவன் விரலை வாயில இருந்து எடுத்தான். லைட்டு நின்னுச்சு. திரும்ப அடிச்சான். திரும்ப ஓடிச்சு. "டேய் மச்சான், விசிலுக்கு ஆடுதுடா!"ன்னு அவன் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு. அடுத்தது மொத்தக் கூட்டமும். விசில் அடிக்கத் தெரிஞ்சவன் அடிக்கிறான், தெரியாதவன் கீச்சுன்னு கத்தறான், பொம்பளைங்க கூடச் சிரிச்சுக்கிட்டு ஊளை விடறாங்க. மேடையில ஒருத்தர் உயிரைக் கொடுத்துப் பாடிக்கிட்டு இருக்காரு, கேக்க ஆள் இல்ல.

நான் என்ன செய்யட்டும்? ஸ்க்ரூவைக் குறைச்சேன், பாட்டும் சேர்ந்து செத்துச்சு, விசில் மட்டும் உள்ளே வருது. மைக்கைக் கழட்டலாம்னு கம்பத்துக்கு ஓடினேன். "யக்கா, வுடுக்கா, சோக்காக் கீது!"ன்னு வழி விட மாட்டேங்கிறானுங்க. திரும்பி வந்து ப்ரோக்ராமை நிறுத்தினேன், அந்த வித்தை எழுதின வரிகளை மட்டும் எடுத்துடலாம்னு. லைட்டு மொத்தமா போச்சு. "லைட்டப் போடு! லைட்டப் போடு!"ன்னு கூட்டம் கத்துது. தலைவர் ஆள் அனுப்பிட்டாரு, "எதுக்கு நிறுத்தின? ஓட வுடச் சொல்றாரு"ன்னு. அந்தக் கூச்சல்ல ஒரு வரிகூட எழுத முடியல. அப்படியே திரும்ப ஓட விட்டேன்.

இவர் அன்னிக்கு வாசிச்ச மாதிரி நான் பார்த்ததே இல்ல. சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. விசிலை மீறி அந்தச் சிவப்பு லைட்டைத் தன் பக்கம் திருப்பிடணும்னு அடிச்சாரு, கை விட்டுப் போற மாதிரி அடிச்சாரு. விசில்தான் ஜெயிச்சுது. ஒரு கட்டத்துல பாடறவர் மைக்கைக் கீழே இறக்கிட்டாரு. கீபோர்டு நின்னுச்சு. கடைசியில ட்ரம்மும் நின்னுச்சு. கூட்டத்துல ஒருத்தருக்கும் அது தெரியல. லைட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு, அவங்க கைதட்டிக்கிட்டே இருந்தாங்க.

எல்லாம் முடிஞ்சு, மேடைக்குப் பின்னாடி குழு ஒயரைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. தலைவர் வந்தாரு. முகம் பூரா சிரிப்பு.

"இத்தினி வருசத்துல ஒரு தபா கூட ஜனம் இப்டி குந்திகினு பாத்ததில்லம்மா! ஒருத்தன் எய்ந்து போவல!" என் கையைப் பிடிக்காத குறை. அப்புறம் குரலை இறக்கினாரு. "அடுத்த வருசத்துக்குச் சொல்றேன். இவங்கோ எதுக்கு இத்தினி பேரு, பாவம், வேர்த்து விறுவிறுத்து கஸ்டப்பட்டுகினு? கேசட்டு போட்டா உன் பொட்டி ஆடுமாம்மா?"

ஒயர் சுத்திக்கிட்டு இருந்த கைங்க எல்லாம் அப்படியே நின்னுச்சு.

"ஆடாதுங்க"ன்னேன். கொஞ்சம்கூடத் தயங்கல. "கேசட்டுக்கு ஆடவே ஆடாது. அதோட அமைப்பே அப்படி. ஆளுங்க உக்காந்து வாசிச்சாத்தான் ஆடும்."

"அப்டியா"ன்னாரு தலைவர். முகம் விழுந்து போச்சு. "சரி, அப்ப பழையபடி இவங்களையே..."ன்னு இழுத்தாரு. அந்த வாக்கியம் மட்டும் முழுசா வெளியில வந்திருந்தா குழு பிழைச்சிருக்கும்.

"யாரு சொன்னது?"

என் வீட்டுக்காரர். ட்ரம்முக்கு உறை மாட்டிக்கிட்டு இருந்தவர், எழுந்து வந்தாரு. கண்ணெல்லாம் சிவந்து இருந்துச்சு.

"பெர்சு, அவ சும்மா சொல்றா. கேசட்டுக்கு நல்லா ஆடும். ஊட்டாண்ட வந்து பாரு, சும்மா அப்டி ஆடும். ஒரு மாசமா சோறு தண்ணி இல்லாம செஞ்சிகிறா. இந்தப் பொட்டிய எவனும் கொற சொல்ல முடியாது."

கீபோர்டுக்காரர் "மாமே..."ன்னாரு, மெல்ல. நான் என் வீட்டுக்காரரை முறைச்ச முறைப்புல பச்சை மரம் பத்தியிருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்ல. நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னாரு. தலைவர் அவர் தோள்ல தட்டிக் கொடுத்துட்டுச் சந்தோசமாப் போயிட்டாரு.

வீடு திரும்பறப்ப மீன்பாடி வண்டியிலயே சண்டை ஆரம்பிச்சேன். "யோவ், வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா நீ? நான் எதுக்குச் சொல்றேன்னு ஒரு நிமிசம் யோசிக்கக் கூடாதா?"

"ஆடாதுன்னு நீயே சொன்னியா, அந்த ஆளு மூஞ்சி ஒரு மாதிரி போச்சு. உன் பொட்டி மட்டமுன்னு நெனச்சுட்டான். எனுக்குத் தாங்கல."

"ஐயோ, மட்டம்னு நினைச்சுட்டுப் போறான்! அவன் என்ன கேட்டான்? நீங்கல்லாம் இல்லாம ஓடுமான்னு கேட்டான்!"

ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. ஆவடி ரயில் போய், கேட்டைத் தூக்கினப்புறம்தான் அவர் "ஆமால்ல"ன்னாரு. அதுக்கு மேல எனக்குத் திட்ட வரல.

அடுத்த ஆடிக்கு என்னையும் பொட்டியையும் மட்டும்தான் கூப்பிட்டாங்க, குழுவை இல்ல. நான் போக மாட்டேன்னுதான் சொன்னேன். "கூப்ட்டுட்டாங்க, போவலன்னா மருவாதியா இருக்காது. அம்மன் காரியம்"னு அவர்தான் பிடிவாதம் பிடிச்சாரு. கம்ப்யூட்டரை வண்டியில ஏத்தினதும் அவரேதான். மைக் செட்காரர் இந்தத் தடவை சிரிச்சுக்கிட்டே வந்தாரு. "கேசட்டுதான அண்ணி? தாராளமா எட்துக்க"ன்னு அவராவே ஒயரை நீட்டினாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஒயராலயே நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

மேடை மேல டேப் ரெக்கார்டருக்கு ஒரு மேசை, பக்கத்துல ஒரு நாற்காலி. கேசட்டைப் போடவும் திருப்பவும் ஒரு ஆள் வேணும். "நான் குந்தறேன்"னு அவர் போய் உக்காந்தாரு. கம்பத்துல மைக் இல்லாததால பசங்க விசில் அடிச்சுப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. லைட்டுல ஒரு குறை இல்ல. சிவப்பு, பச்சை, மஞ்சள், கடைசி இழுப்புக்குச் சரசரன்னு ஓட்டம், எல்லாம் நான் எழுதினது எழுதினபடி.

தட்டி ஓட்டை வழியா பார்த்தேன். கேசட்டோட சேர்ந்து அவர் விரல் மேசை விளிம்புல தாளம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. தட்டுக்குத் தட்டு சிவப்பு லைட் எரியுது. ஒரு தடவைகூடத் தப்பல. வீட்டுல ஒரு மாசம் மல்லுக்கு நின்னும் வராத பொருத்தம். பொட்டியைப் பார்த்து வாசிக்க மாட்டேன்னு குச்சியைக் கீழே வச்ச மனுசன் அவர்.

எனக்கு அழுகையா வந்துச்சு, அவர் மேல ஆத்திரமாவும் வந்துச்சு. அதுக்குள்ள பாட்டு முடிஞ்சு லைட்டெல்லாம் அப்படியே நின்னுச்சு. அவர் எழுந்து, கேசட்டை வெளியில எடுத்து, திருப்பிப் போட்டாரு.